ஓர் ஆள் மிச்சம்

காதுக்காரர் நடுத்தெருவில் மண்டியிட்டு, இடுப்பளவு இரும்புக் கம்பியின் ஒரு முனையைத் தரையில் ஊன்றி, மறுமுனையில் காதை வைத்திருந்தார். லாரி ஒன்று கடந்து சத்தம் தேயும்வரை கண்ணை மூடிக் காத்திருந்தார். குடிநீர் வாரியத்தில் பதினாறு வருடமாக ஒப்பந்தக் கூலியாக இதே வேலைதான். பூமிக்கடியில் குழாய் எங்கே ஒழுகுகிறது என்று கேட்டுச் சொல்ல வேண்டும்.

"என்ன மாமா, உள்ள யாராவது பேசுறாங்களா?" என்றான் மண்வெட்டியோடு நின்ற மச்சான். மனைவியின் தம்பி, அதே ஒப்பந்தத்தில் குழி தோண்டுகிறவன்.

"உன்னப் பத்தித்தான் பேசுறாங்க. தோண்டாம வாயடிக்கிறானாம். இங்க ஒண்ணு, அந்தக் கல்லுக்கிட்ட ஒண்ணு, வளைவுல மூணு."

அந்தத் தெருவின் கடைசி வீடு காதுக்காரருடையது. ஐந்து ஓட்டைகளையும் தாண்டி அங்கே வந்து சேர்வது வெறும் காற்று. நாலு தெரு தள்ளிப் போய்க் குடம் தூக்கியே அவர் மனைவிக்கு வலது தோள் இறங்கிவிட்டது. 'ஊருக்கெல்லாம் ஒழுகல் பாக்குறாரு, வீட்டுக் குழாயில பல்லி குடியிருக்கு' என்பது அவளுடைய காலைப் பாட்டு.

குடை பிடித்து நின்ற இன்ஜினியரம்மா சின்னப் பெண். ஒளித்துப் பேசத் தெரியாதவள்.

"கண்டுபிடிச்சு என்னண்ணே பண்றது? மராமத்துக் கணக்குல சல்லிக்காசு இல்ல. புதுமைத் திட்டம்னு ஒண்ணு இருக்கு, அதுல பணம் குவிஞ்சு கெடக்கு. மாசக் கடைசிக்குள்ள செலவழிக்கலேன்னா மேலயே திரும்பிப் போயிடும். ஆனா அத வெச்சுப் பழச ரிப்பேர் பண்ணக் கூடாது. புதுசா மாட்டணும்."

"எத மாட்டணும்?"

"ஒழுகல் சத்தத்தத் தானா கேக்குற பெட்டி."

மச்சான் மண்வெட்டியில் சாய்ந்து சிரித்தான். "மாமா, உங்களுக்குச் சக்களத்தி வருது."

காதுக்காரர் சிரிக்கவில்லை. ஏற்கெனவே தோண்டிய குழிக்குள் இறங்கி, குழாயை நகத்தால் சுரண்டினார். துரு அப்பளமாகப் பெயர்ந்து வந்தது. "இதுலயா மாட்டுவீங்க? மூணு நாள் தாங்காது. பெட்டி நிக்கணும்னா அடியில குழாய் புதுசா இருக்க வேணாமா?"

இன்ஜினியரம்மா அவரையும் துருவையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு அன்று மாலையே, குழாய் முழுவதையும் 'பெட்டியைத் தாங்கும் அமைப்பு' என்று எழுதிக் கோப்பை அனுப்பினாள்.

நாலாம் நாள் கோப்பு திரும்பி வந்தது. அதைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கே வந்தாள்.

"'மிச்சமாகும் ஆட்கள்'னு ஒரு கட்டம்ணே. சைபர் போட்டேன். ஆள் மிச்சம் இல்லாம என்ன புதுமைன்னு கேட்டுத் திருப்பிட்டாங்க."

"ஒண்ணுன்னு போடுங்க."

"யார?"

"தாள்லதானேம்மா? போடுங்க."

"இது மேல வரைக்கும் போற தாள்ணே."

"போகட்டும். போயிட்டு அதுக்கு வயசாகித்தான் திரும்பி வரும்."

அவள் பேனாவைத் திறந்து கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். அவர் தெருக்கோடியைப் பார்த்தார். மனைவி இடது தோளில் குடத்தோடு வந்துகொண்டிருந்தாள். இன்ஜினியரம்மாவும் பார்த்தாள். எழுதினாள்.

பதினொரு நாளில் குழாய் மாறியது. பன்னிரண்டாம் நாள் காலையில் வீட்டுக் குழாய் இரண்டு முறை இருமி, செந்நீர் துப்பி, பிறகு தெளிந்து கொட்டியது. அவர் மனைவி குடத்தைக் குழாயடியில் வைத்தாள். இருந்த பாத்திரம் எல்லாவற்றையும் நிரப்பினாள். நிரப்பியதைக் கீழே கொட்டிவிட்டு மறுபடி நிரப்பினாள்.

அடுத்த மாதம் முதல் தேதி ஒப்பந்தப் பட்டியல் வந்தது. மச்சான் பெயர் இருந்தது. காதுக்காரர் பெயர் இல்லை. ஒரு தாளுக்கு வயதாக ஒரு மாதம்கூட ஆகவில்லை.

ஆனால் புதுக் குழாயில் மாட்டிய பெட்டி, பேருந்து போனாலும் ஒழுகல் என்றது, நாய் குரைத்தாலும் ஒழுகல் என்றது. அது சொல்வது சரியா என்று கேட்டுச் சொல்ல ஓர் ஆள் வேண்டியிருந்தது. இன்ஜினியரம்மா இரண்டு நாள் அலுவலகங்களுக்கு அலைந்து ஒரு வழி பிடித்தாள். ஆளுக்குக் கூலி தர இடமில்லை. பெட்டியின் உபகரணச் செலவில் இடமிருந்தது.

"இனிமே வருகைப் பதிவேட்டுல கையெழுத்து வேணாம்ணே. ஸ்டோர்ல சரக்குப் பதிவேடு இருக்கு," என்றாள், தரையைப் பார்த்தபடி.

"அதனால என்ன, அங்க ஃபேன் இருக்கு," என்றார் காதுக்காரர்.

"பேட்டரி மாத்துறப்ப உங்களையும் சேத்து மாத்திடப் போறாங்க மாமா," என்றான் மச்சான்.

அவருக்குச் சிரிப்பு வந்தது. அன்று காலை மனைவி தோளுக்கு வெந்நீர் ஊற்றிக் குளித்திருந்தாள், இரண்டு வாளி. அந்தச் சத்தத்தைப் படுத்துக்கொண்டே கேட்டுவிட்டு வந்திருந்தார்.

ஸ்டோர்காரர் பதிவேட்டைத் திருப்பி வைத்தார். கேபிள் மூன்று. பேட்டரி இரண்டு. கிரீஸ் டப்பா ஒன்று. கேட்பவர் ஒன்று. கடைசிப் பத்தி உத்தரவாதம்: கேபிளுக்கு ஐந்து வருடம், பேட்டரிக்கு இரண்டு வருடம். அவருக்கு நேரே ஒரு சின்னக் கோடு போட்டிருந்தது. காதுக்காரர் அதன் பக்கத்தில் நிதானமாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு, கம்பியைத் தோளில் சாத்திக்கொண்டு தெருவுக்கு நடந்தார்.