கழுத்தளவு

நீருக்குள் இறங்கி வேலை செய்கிற டைவர்களுக்கு அளவெடுத்து ரப்பர் உடை செய்து கொடுக்கும் அந்தச் சின்னக் கடைக்கு வாடிக்கையாளர்கள் வைத்த பெயர் ‘கழுத்தைப் பிடிக்கிற கடை’. கடைக்கார அக்கா யாருக்குச் செய்தாலும் கழுத்தை அரை அங்குலம் இறுக்கித்தான் வெட்டுவாள். யாராவது முனகினால், “முதுகுல ஐஸ் தண்ணி ஓடணுமா, கழுத்து கொஞ்சம் இறுகணுமா? நீயே முடிவு பண்ணு” என்பாள். நம்பாதவர்களிடம், “என் தம்பியைக் கேட்டுப் பாரு” என்பாள். அந்தப் பட்டப்பெயரில் அவளுக்குக் கொள்ளைப் பெருமை.

தம்பி இறந்த நாளிலிருந்து அந்தப் பெயரை யாராவது சொன்னாலே, வேறு வேலை இருப்பதுபோல் கடைக்குள்ளே போய்விடுவாள்.

அவன் கப்பல்களின் அடியில் ஒட்டும் பாசியைச் சுரண்டுகிறவன். ஐந்து வாரங்களுக்கு முன் தண்ணீருக்குள்ளேயே நினைவு தப்பிவிட்டது. இதயம் நின்றுவிட்டது என்றார் மருத்துவர். ஏன் நின்றது என்று அவருக்கும் சொல்லத் தெரியவில்லை. அடக்கத்துக்கு வந்த ஒரு டைவர், வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், “கழுத்து ரொம்ப இறுகினா மயக்கம் வருமாம்” என்று பக்கத்தில் இருந்தவனிடம் சொன்னான். அக்கா நிற்பதைப் பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டான். கடித்து என்ன பயன்? அன்றோடு அவள் தூக்கம் போயிற்று. நான்தான் கொன்றேனா என்று யாரிடம் போய்க் கேட்பாள்?

ஒரு நாள் தம்பி மனைவி மருத்துவமனைப் பையோடு வந்தாள். உள்ளே அவனுடைய உடை இருந்தது. தொண்டையிலிருந்து இடுப்புவரை கத்தரித்துத்தான் அதைக் கழற்றியிருந்தார்கள்.

“இதை ஒட்டிக் குடுங்க அண்ணி. இப்படிக் கிழிஞ்சு கிடக்கிறதப் பாக்க முடியல.”

அக்கா அதை மேசைமேல் விரித்தாள். மூன்று வருடங்களாக அவன் அதை ஒருமுறைகூடப் பழுதுபார்க்கக் கொண்டுவந்ததில்லை. தன் வேலை அப்படி என்று அதிலும் அவளுக்குப் பெருமைதான். ஆணியில் மாட்டியிருந்த அவனது கழுத்தளவுக் காகிதத்தை எடுத்து வந்தாள். ரப்பர் கொஞ்சமாவது இளகியிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே பின்கழுத்தைத் திருப்பினாள்.

அங்கே ஒன்றரை அங்குலத்துக்கு ஒரு வெட்டு இருந்தது. ஓரமெல்லாம் கோணல்மாணல், உப்பேறி வெளுத்திருந்தது. இது மருத்துவமனையில் வெட்டியது அல்ல, பழையது.

“இது யார் வெட்டினது?”

தம்பி மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். “அவர்தான். நீங்க குடுத்த முதல் வாரமே. மூச்சு முட்டுதுன்னாரு. அண்ணிகிட்டயே குடுத்துச் சரி பண்ணுங்கன்னு சொன்னேன். ‘அக்கா முகம் வாடிடும், வேணாம்’னு சமையல்கட்டுக் கத்தரிக்கோலை எடுத்து வெட்டிக்கிட்டாரு. தலையுறை போட்டா தெரியாதுன்னு ஒரே சிரிப்பு.”

“தண்ணி இறங்கியிருக்குமே.”

“இறங்காம? மூணு குளிர்காலமும் பல்லு கிட்டிப் போய்த்தான் வீட்டுக்கு வருவாரு. வெந்நீர் போட்டே எனக்கு அலுத்துப்போச்சு. உங்ககிட்ட மூச்சு விடக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கியிருந்தாரு.”

அக்கா கழுத்துப் பகுதியைச் சேர்த்துப் பிடித்து, காகிதத்தோடு வைத்துப் பார்த்தாள். வெட்டினதில் தாராளமாகவே விரிந்திருந்தது. நான்கு விரல் நுழையும். அவனைக் கொன்றது இந்தக் கழுத்து இல்லை. ஐந்து வாரமாக இதைத்தானே கேட்டுக் கிடந்தாள். ஒரு பெருமூச்சு வந்தது. அதற்குப் பின்னால், ஒவ்வொரு குளிர்காலமும் அவள் கேட்ட கேள்வியும் அவன் சொன்ன பதிலும் வந்தன. ஒரு சொட்டாவது இறங்குச்சாடா? இல்லவே இல்லக்கா.

முன்பக்கத்துக்கு மூன்று தடவை பசை பூசி, காயவிட்டு, அழுத்தி ஒட்டினாள். வெளியே தையல் தெரியாமல் தைத்தாள். பின்கழுத்து வெட்டைத் தொடவில்லை.

மறுநாள் ஒரு டைவர் புது உடையைப் போட்டுப் பார்க்க வந்தான்.

“கழுத்து இறுக்குதா?”

“இல்லக்கா, கச்சிதமா இருக்கு.”

தம்பியும் இதே மாதிரி, இதே சிரிப்போடுதான் சொல்வான். அவளுக்குக் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. வந்தவனின் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டாள்.

“நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன். இறுக்குனா இறுக்குதுன்னு சொல்லுடா.”