கோல்ஃப் தெரிந்த ஆடுகள்

ரிவெரினா வட்டாரத்திலேயே கோல்ஃப் தெரிந்த ஆடுகள் என்னுடைய முந்நூறும்தான். மேய்ச்சல் நிலத்தில் கோல்ஃப் பந்துகளை இறைப்பேன். அவை மறைகிற அளவுக்குப் புல் வளர்ந்தால் ஆடுகளை விடுவேன். எல்லாம் பளிச்சென்று தெரிந்தால் ஆடுகளை வெளியே ஓட்டிவிடுவேன். அழிந்துகொண்டிருக்கும் சமவெளிக் குருவிக்கு நடுத்தரப் புல்தான் பிடிக்கும்.

"குருவியாவது கத்தரிக்காயாவது! இந்த வசந்தத்துலயும் அது வரலேன்னா நிலத்தை எனக்கு விட்டுடணும். உழுது கோதுமை போட்டுடுவேன்," என்றான் பக்கத்துப் பண்ணை நெவில். நானும் வீம்புக்குக் கைகுலுக்கிவிட்டேன்.

வசந்தத்தின் கடைசி நாள், உழுவதற்கு முன் பந்து பொறுக்க வந்த நெவில், குனிந்தவன் நிமிரவில்லை. காய்ந்த புல்லுக்கே கண் முளைத்ததுபோல் ஒரு குருவி முட்டைமேல் உட்கார்ந்திருந்தது.

"ஆம்பளைக் குருவிய்யா. இந்த இனத்துல அவன்தான் அடைகாப்பான். உன்னை மாதிரியா?" என்றேன்.

"சத்தம் போடாதே, பயந்துடப் போவுது," என்று கிசுகிசுத்தான் நெவில். "வந்துடுச்சுய்யா. என் கண்ணாலயே பாத்துட்டேன்."