கைதட்ட வேண்டிய இடம்

பி.டி. மாஸ்டருடைய கைதட்டலைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். மைதானத்தின் இந்தக் கோடியில் அவர் ஒரு தட்டுத் தட்டினால், அந்தக் கோடியில் மரத்தடியில் அரட்டை அடிக்கும் பிள்ளைகள் எழுந்து ஓடி வருவார்கள். விசில் என்று ஒன்று அவர் கழுத்தில் தொங்கும், ஆனால் அது சும்மா அழகுக்குத்தான். அப்பேர்ப்பட்ட கையால்தான் மனுஷன் தன் சொந்த மனைவியின் பாட்டை நட்டநடுவில் கொன்றுபோட்டார்.

மனைவி ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவர். கல்யாணத்துக்கு முன்னால் விட்ட கிட்டாரை நாற்பது வயதுக்கு மேல் தூசி தட்டி எடுத்து, இன்னும் மூன்று பேரோடு சேர்ந்து வாசிக்கிறார். டிரம்ஸ்காரர் வீட்டுக் கார் ஷெட்டில் ஒத்திகை. மாஸ்டர் முதல்முறை போய்ப் பார்த்தபோது, பாடுகிறவர் இன்னும் வரவில்லையா என்று கேட்டார். பாடுகிறவரே கிடையாது என்றார்கள். ஐயோ பாவம், ஆள் கிடைக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, எங்கள் பள்ளிக்கூடத்துப் பாட்டு டீச்சரிடம் சொல்லட்டுமா என்றார். எள் என்றால் எண்ணெயாக நிற்கிற ஆள். டிரம்ஸ்காரர் பொறுமைசாலி. சொல்லே இல்லாமல் மெல்ல மெல்ல மேகம் திரள்கிற மாதிரி வளர்வது போஸ்ட் ராக் என்றும், தாளத்தை ஐந்தாக ஏழாக உடைத்து விளையாடுவது மேத் ராக் என்றும், தாங்கள் வாசிப்பது இரண்டும் கலந்தது என்றும் விளக்கினார். கணக்குக்குப் பயந்துதானே விளையாட்டுப் பக்கம் ஓடி வந்தேன், இங்கேயும் அதுவா என்றார் மாஸ்டர். மனைவி விழுந்து விழுந்து சிரித்தார்.

முதல் கச்சேரி நூலகத்து மாடி ஹாலில் நடந்தது. தேய்த்த சட்டையோடு முன்வரிசையில் மாஸ்டர். கடைசிப் பாட்டு நீளமானது. ஓசை தெரியாமல் ஆரம்பித்து, ஏறி ஏறி ஓர் உச்சிக்குப் போய், சட்டென்று நின்றது. மாஸ்டர் முந்திரிக்கொட்டை மாதிரி எழுந்து நின்று தட்டினார். அந்தத் தட்டுக்கு எந்த ஹால் உட்கார்ந்திருக்கும்? எல்லோரும் எழுந்து தட்டினார்கள். சிலர் பையை எடுத்துக்கொண்டு வாசலைப் பார்த்து நடக்கவே தொடங்கிவிட்டார்கள். மேடையில் நான்கு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பாட்டில் பாதி பாக்கி இருந்தது. எங்கே பிடிப்பது என்று தெரியாமல் டிரம்ஸ்காரர் குச்சியைக் கீழே வைத்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து மனைவி திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. மறுநாள் வேலைக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று, "அடுத்த தடவை நீங்க வரவேணாம்ங்க," என்றார். அவ்வளவுதான், கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார்.

இத்தனை வருஷத்தில் சண்டை போட்டிருக்கிறார்கள், பேசாமல் இருந்திருக்கிறார்கள். ஆனால் வராதே என்று மனைவி சொன்னதில்லை. இப்போது மனைவிக்கென்று ஓர் இடம் இருக்கிறது, அங்கே தனக்கு இடமில்லை. இதை நினைக்க நினைக்க மாஸ்டருக்குச் சோறு இறங்கவில்லை.

டிரம்ஸ்காரரைப் பிடித்து, ஒத்திகையில் பதிவு செய்ததை போனில் வாங்கிக்கொண்டார். பிள்ளைகள் வருவதற்கு முன்னால் காதில் மாட்டிக்கொண்டு மைதானத்தைச் சுற்றினார். முதலில் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட கதைதான். பிடித்துக்கொள்ள ஒரு வரி இல்லை, முணுமுணுக்க ஒரு சொல் இல்லை. போதாக்குறைக்குக் கால் வேறு தடுமாறியது. ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் லெஃப்ட் ரைட் சொல்லிக்கொடுத்த கால்! தாளத்தின் முதல் அடி ஒருமுறை இடது காலில் விழுந்தது, அடுத்தமுறை வலது காலில் விழுந்தது. தன்மேல்தான் தப்பு என்று நினைத்து அடியை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார். பிறகுதான் புரிந்தது, அது ஏழு. ஏழு அடி நடந்தால் அடுத்த சுற்றின் முதல் அடி எதிர்க் காலில்தானே விழும்! மாஸ்டர் நடு மைதானத்தில் நின்று தனியாகச் சிரித்தார். அதற்கப்புறம் கால் எப்போது மாறும் என்று காத்திருப்பதே ஒரு சுகமாகிவிட்டது. மனைவியின் கிட்டார் மற்றவற்றுக்கு அடியில் எங்கே ஓடுகிறது என்றுகூடக் கண்டுபிடிக்க ஆரம்பித்தார். வீட்டில் அதிர்ந்து பேசாத மனுஷி அங்கே என்ன ஆட்டம் போடுகிறார்!

அந்த ஒரு இடம் மட்டும் பிடிபடவில்லை. பாட்டு நிற்கும்போதெல்லாம், சார்ஜ் தீர்ந்துவிட்டதோ என்று போனை எடுத்துப் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் பார்த்தார்.

ஒருநாள் மாலை பாத்திரம் துடைத்துக்கொண்டே, ரொம்பச் சாதாரணமாகக் கேட்பது போல, அந்தப் பாட்டுக்குப் பெயர் இருக்கிறதா என்று கேட்டார். மனைவி திரும்பிப் பார்த்தார். அதுவரை யாரும் அதைக் கேட்டதில்லை.

"மூச்சை அடக்குங்க," என்றார்.

மாஸ்டர் பயந்துபோய் நிஜமாகவே அடக்கிக்கொண்டார்.

"பேரே அதுதாங்க. நான் நாள் முழுக்கச் சொல்றதுதானே? மூச்சை அடக்குங்க, இப்ப விடுங்க. அந்த ரெண்டுக்கும் நடுவுல எல்லாரும் அப்படியே உறைஞ்சு நிப்பாங்க. உள்ள என்ன இருக்கோன்னு அவங்களுக்குப் பயம். அவங்களப் பாத்து எனக்கும் பயம். வருஷக்கணக்கா அதை யார்கிட்டயும் சொல்லத் தெரியல. அதத்தான் வாசிச்சேன்."

மாஸ்டருக்கு முகத்தில் அறைந்தது போலிருந்தது. நோயாளி மூச்சை அடக்கி நிற்கிற இடத்திலா எழுந்து நின்று கைதட்டினோம்? கையில் இருந்த தட்டை வைத்துவிட்டு, இன்னொரு தடவை என்னை வரவிடு என்று கேட்டார். "சத்தியமா நான் முதல்ல தட்ட மாட்டேன். கையைத் தொடைக்கு அடியில வச்சுக்கிட்டு உக்கார்றேன்."

மனைவி யோசித்தார். "கடைசி வரிசையில உக்காருங்க," என்றார்.

இரண்டாம் கச்சேரியும் அதே ஹாலில்தான். மாஸ்டர் கடைசி வரிசையில், சொன்ன மாதிரியே கைகளைத் தொடைக்கு அடியில் கொடுத்து உட்கார்ந்தார். பாட்டு ஏறியது, உச்சிக்குப் போனது, நின்றது. மனைவி உள்ளங்கையால் தந்திகளை அழுத்திப் பிடித்தபடி நின்றார். மாஸ்டர் மூச்சை அடக்கினார். முன்னால் யாரோ ஒருவர் ஆர்வக்கோளாறில் ஒரு தட்டுத் தட்ட, போன கச்சேரிக்கு வந்திருந்தவர்கள் திரும்பி முறைத்தார்கள். அவர் கூனிக் குறுகிப்போனார். அடுத்த கணம் மேடையில் நால்வரும் ஒன்றாகப் பாட்டுக்குள் பாய்ந்தார்கள். ஹால் அதிர்ந்தது. மாஸ்டர் மூச்சை விட்டார். கண்ணில் நீர் வந்ததைத் துடைக்கக்கூட அவர் கையை எடுக்கவில்லை.

பாட்டு மெல்ல இறங்கி ஒற்றைக் கிட்டாராகி, அதுவும் தேய்ந்து முடிந்தது.

ஒருவரும் தட்டவில்லை. சூடு கண்ட பூனைகள். இன்னும் பாக்கி இருக்குமோ என்று ஹாலே மேடையை வெறித்தது. முடிந்துவிட்டது என்று கூட்டத்தில் தெரிந்த ஒரே ஆள் மாஸ்டர், ஆனால் அவர் சத்தியம் செய்திருந்தார். பாட்டு செத்த அன்றைக்கு இருந்த அதே பதற்றம் மேடையில் மெல்லப் பரவியது. டிரம்ஸ்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

மனைவி தந்தியிலிருந்து கையை எடுத்தார். கூட்டத்தைத் தாண்டி, கடைசி வரிசையில் கையை மடக்கிப் பரிதாபமாக உட்கார்ந்திருந்தவரைத் தேடிப் பிடித்தார். உதடு மட்டும் அசைந்தது.

"இப்ப விடுங்க."

கை மரத்துப்போயிருந்தது. மாஸ்டருடைய முதல் தட்டு பக்கத்து நாற்காலிக்காரருக்குக்கூடக் கேட்டிருக்காது. இரண்டாவது தட்டு மைதானத்தின் அந்தக் கோடி வரைக்கும் கேட்டிருக்கும்.