வாயைத் திறந்தால் குடல்

காலையிலிருந்து அப்பா ஏழு தடவை சொல்லிவிட்டார். "கீதா, அவங்க கிளம்புற வரைக்கும் உன் வாயிலேர்ந்து குடல்னு ஒரு வார்த்தை வரக் கூடாது. நல்ல காரியம் பேசுற வீடு."

நான் என்ன கெட்ட வார்த்தையா பேசுகிறேன்? பறவையின் குடலும் பாலூட்டியின் குடலும் சத்தை எப்படி எப்படி உறிஞ்சுகின்றன என்பது என் முனைவர் பட்ட ஆராய்ச்சி. மூன்று வருடம் முடிந்துவிட்டது, இன்னும் இரண்டு வருடம் பாக்கி. படிக்க வைத்த அப்பாவுக்கே அதைச் சொல்ல வெட்கம் என்றால் எனக்குக் கோபம் வருமா வராதா?

ஆனாலும் அன்றைக்கு வாயை மூடிக்கொண்டேன். வரப்போகிறவர் குமரேசனின் அம்மா சரசு. குமரேசனும் நானும் நாலு வருடமாகக் காதலிக்கிறோம். எனக்கு அவனும் வேண்டும், படிப்பும் வேண்டும். இரண்டுக்கும் அந்த அம்மா தலையாட்ட வேண்டும். ஒற்றை ஆளாக அவனை வளர்த்தவர். அவர் சரி என்று சொல்லாமல் அவன் தாலியைத் தொடக்கூட மாட்டான்.

சரசு அத்தை திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார். குடல் கறிக்குப் பேர்போன கடை. இருபத்தெட்டு வருடமாக விடியற்காலையில் எழுந்து சுடுதண்ணீரும் மஞ்சளுமாகக் குடல் கழுவுகிற கை அது. அதனால் குமரேசன் வேறு தனியாக மிரட்டி வைத்திருந்தான். "எங்கம்மா அந்த வேலையை வெளியில சொல்லவே கூச்சப்படுவாங்க. நீயும் குடல்னு ஆரம்பிச்சே, கிண்டல் பண்றேன்னு நெனைச்சுப்பாங்க."

பௌர்ணமிக்கு மறுநாள். எங்கள் ஊர் அடி அண்ணாமலையில் கிரிவலக் கூட்டம் வடிந்து தெரு காலியாக இருந்தது. அம்மாவும் பிள்ளையும் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். என் அம்மா கேசரியைக் கொண்டுவந்து வைத்தார். அத்தை அதைத் தொடவில்லை.

"பொண்ணு என்னா படிக்குது?"

"கம்ப்யூட்டர்ங்க" என்றார் அப்பா. "டீச்சருக்குங்க" என்றார் அம்மா. "சத்துணவு சம்பந்தமா" என்றான் குமரேசன். மூன்றும் ஒரே நேரத்தில் வந்து விழுந்தன.

அத்தை மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "என்னா, ஆளுக்கொண்ணு சொல்றீங்க? நீ சொல்லும்மா."

எனக்குப் பொய் வராது. "குடல் ஆராய்ச்சி பண்றேன் அத்தை."

அப்பா தலையில் கை வைத்துக்கொண்டார். அத்தையின் முகம் சுருங்கிப்போனது. "நான் கழுவுறத எம்புள்ள சொன்னானா? அதை வச்சி விளையாடுறியா?" என்று பையை எடுத்துக்கொண்டு எழுந்து வாசலுக்கே போய்விட்டார்.

ஐயோ, போச்சு என்று நானும் பின்னாலேயே ஓடினேன். பயம் வந்தால் எனக்குக் கோபமும் கூடவே வரும், என்ன செய்ய? "நில்லுங்க அத்தை! உங்களைக் கிண்டல் பண்றதுக்கு நான் மூணு வருஷம் புறாவோடயும் எலியோடயும் மல்லுக்கட்டணுமா?"

அத்தை நின்றார். "புறாவா?"

"ஒரே எடையில ஒரு புறா, ஒரு எலி. புறாவுக்குக் குடல் கம்மி. பறக்கிறதுக்கு சுமை ஆகக் கூடாதில்ல? ஆனா சர்க்கரையை உறிஞ்சறதுல அது எலிக்குக் கொறைஞ்சதே இல்ல."

அத்தை மெதுவாகத் திரும்பினார். "கோழியும் அப்படித்தான். கொஞ்ச நாள் கடையில முயல் கறி போட்டேன். முயலு கோழி சைஸுதான், ஆனா குடலு இழுக்க இழுக்க வந்துகினே இருக்கும். கோழிக்கு அதுல பாதிகூட தேறாது. இத்துனூண்டு குடலை வச்சிகினு அது எப்படி கொழுகொழுன்னு நிக்குது? எத்தினி வருஷமா மண்டையைக் குடையுது. இதையெல்லாம் யாரைப் போயி கேக்குறது?"

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. என் ஆராய்ச்சியின் முதல் கேள்வியை இந்த அம்மா அரிவாள்மனைக்கு முன்னால் உட்கார்ந்து தானாகவே கேட்டிருக்கிறார்!

"நம்ம கோயிலுக்கு நாலு வாசல் இருக்கில்ல அத்தை? முயல், எலி, நாமெல்லாம் சத்தை வாசல் வழியாத்தான் பெரும்பாலும் உள்ள விடுவோம். ஒவ்வொரு வாசல்லயும் ஆள் நின்னு கூட்டிட்டுப் போகணும். பறவைக்கும் வாசல் இருக்கு. ஆனா மதில்ல கல்லுக்கும் கல்லுக்கும் நடுவுல சந்து ஜாஸ்தி. தண்ணியில கரைஞ்ச சத்து அந்தச் சந்து வழியாவும் கசிஞ்சு உள்ள போயிடும். அதான் சின்னக் குடலே போதுது."

அத்தை யோசித்தார். "அப்ப வேண்டாததும் அந்த சந்துல நுழைஞ்சிடுமே?"

"அதேதான் அத்தை!" என்று கத்தியே விட்டேன். "அது எவ்வளவு நுழையுதுன்னு பார்க்கத்தான் எனக்கு இன்னும் ரெண்டு வருஷம் வேணும்!"

கல்யாணப் பேச்சில் கடைசியாகச் சொல்ல வேண்டியதை முதல் நாளே கொட்டிவிட்டேன். குமரேசன் கண்ணை மூடிக்கொண்டான்.

அத்தை வந்து உட்கார்ந்தார். கேசரித் தட்டை இழுத்து ஒரு வாய் போட்டுக்கொண்டார். எங்கள் பக்கம் சம்பந்தம் பிடிக்காமல் பெண் வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். அம்மா வடை எடுக்க அடுப்படிக்கு ஓடினார்.

"ரெண்டோ மூணோ, முடிச்சிட்டுத்தான் எழுந்திரிக்கணும். தாலியைத் தை மாசமே கட்டிக்கலாம். படிக்கிறதுக்கு அது என்னா குறுக்கவா நிக்கப் போவுது?" என்றவர் வாயில் இருந்ததை விழுங்கிவிட்டு என்னைப் பார்த்தார். குரல் இறங்கியிருந்தது. "ஏம்மா, நெசமாவே இதுக்கு டாக்டர் பட்டம் குடுக்குறாங்களா?"

"நெசமா அத்தை."

அவர் தன் இரண்டு உள்ளங்கைகளையும் கொஞ்ச நேரம் பார்த்தார். கண் கலங்கியது, அதற்குள் சிரிப்பும் வந்துவிட்டது. முந்தானையில் மூக்கைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்து வேலூரில் இருக்கும் தன் அக்காவைக் கூப்பிட்டார். தெருவுக்கே கேட்கும்படி கத்தினார்.

"அக்கா! பொண்ணு புடிச்சிருக்கு! என்னா படிக்குதா? நம்ம தொழில்தான்க்கா!"