மேசையை விட்டு எழுந்தவள்

கடலைத் தன் கைகளுக்குள் வளைத்துக் கிடந்த அத்துறைமுக நகரத்தின்மேல் பிற்பகல் வெயில் உருக்கிய பித்தளையெனக் கவிந்திருந்தது. சுமைதூக்கிப் பொறிகள் நாரைகளைப்போல் கழுத்தை நீட்டி நிற்க, ஏற்றிய சரக்கோடு கப்பல்கள் புறப்பட மனமின்றி அசைந்தாட, கடைத்தெருவில் விலை கேட்க வாய் திறந்தவர்களும் விலையை மறந்து, மாளிகையிலிருந்து ஏதேனும் செய்தி வந்ததா என்றே கேட்டுக்கொண்டிருந்தனர். நெடுங்காலம் ஆண்ட அரசு கொடியிறக்கி விலகவும், மலைக்கு அப்பாலிருந்த பேரரசு இம்மண்ணை ஏற்கவும் நாள் குறித்தாயிற்று. அதன்பின் இங்கு வாழ்வோர் எந்தச் சட்டத்தின்கீழ் வாழ்வர் என்பதை, ஆளுநர் மாளிகையின் நீண்ட கூடத்தில் இரு அரசுகளின் தூதர்களும் வரிவரியாக எழுதிக்கொண்டிருந்தனர். மண்ணின் மக்களுக்கென அம்மேசையில் இரண்டே இருக்கைகள். ஒன்றில் கப்பல் வணிகர். மற்றொன்றில் வழக்கறிஞராகிய அவள்.

ஓர் உறுப்பினரின் வீட்டைத் தொடும் சட்டப்பிரிவு பேசப்படுகையில் அவர் எழுந்து வெளியேற வேண்டும் என்பது அவ்வவையின் நெறி. முதல் அமர்விலேயே அதனை முன்மொழிந்து, துறைமுக வரி பேசப்பட்ட நாளில் வணிகரை வெளியே அனுப்பி, அறம் காத்தோம் என்று நிமிர்ந்தமர்ந்தவள் அவளே. இவ்வூரில் வீடே இல்லாத தூதர்களை அந்நெறி ஒருநாளும் எழுப்பாது என்பதை மட்டும் அவள் அன்று எண்ணிப் பார்க்கவில்லை.

இன்று குடியுரிமைப் பிரிவு. இம்மண்ணில் பிறந்தவர்க்கே நிலையான உரிமை. வந்து சேர்ந்தவர்கள் ஆண்டுதோறும் இசைவு கேட்டு வாழ வேண்டும். அவள் கணவனோ தாயின் இடுப்பில் அமர்ந்து படகில் வந்திறங்கியவன். அவள் எழுந்தாள். வணிகர் தலை நிமிரவில்லை.

படகுப் பொறிகளைப் பழுதுபார்க்கும் அவள் கணவன், நகக்கண்ணில் கரியோடும் கையில் மதிய உணவோடும் நடைக்கூடத்தில் காத்திருந்தான்.

“என்ன வக்கீலம்மா, வெளிய நிக்க வெச்சுட்டாங்களா?”

“சிரிக்காதீங்க. உள்ள உங்களப் பத்திதான் பேச்சு. இங்க இருக்கறதுக்கு வருஷா வருஷம் அனுமதி கேட்டு நிக்கணுமாம்.”

“வீட்ல இப்பவும் அப்படித்தானே நிக்கறேன்?”

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. வலையில் பட்ட மீன் நீரைத் தேடித் துள்ளுவதுபோல் அவள் உள்ளம் மூடிய கதவை நோக்கித் துள்ளியது. தூணிலிருந்து சாளரத்திற்கும், சாளரத்திலிருந்து தூணுக்குமாக நடந்தாள். உணவைத் திறந்தாள், மூடினாள். தான் அவமானப்படுத்தி வெளியே அனுப்பிய வணிகரின் நாவையே தன் இல்வாழ்வு இன்று நம்பிக் கிடக்கிறதே என்ற எண்ணம் அவளைச் சுட்டது.

கதவு திறந்தது. வணிகர் கழுத்தைத் துடைத்தபடி வந்தார்.

“உம் புருஷன் பொழச்சாரும்மா. இங்க பொறந்தவங்களக் கட்டினவங்களுக்கும் உரிமை உண்டுன்னு ஒரு வரி சேர்த்துட்டாங்க.”

“நீங்க பேசினீங்களா?”

“நானா? அவங்களா நீட்டினாங்க. உன் வாயை அடைக்கத்தான். என் கிடங்குல மூட்டை தூக்கறவங்களுக்காக நான் கேட்டேன், காதுலயே போட்டுக்கல. வா, கையெழுத்துக்குக் கூப்பிடறாங்க.”

கணவன் மெல்லக் கேட்டான்: “அப்ப நம்ம பட்டறையில வேலை பாக்கற ரெட்டைச்சுழி? அவனும் அவன் பொண்டாட்டியும் படகுல வந்தவங்கதானே?”

திடுமென அவள் நடை நின்றது.

“அண்ணே, இப்ப அந்தப் பிரிவு என் வீட்டைத் தொடல. சரிதானே?”

“தொடல. அதத்தானே சொல்றேன்.”

“அப்ப நான் உள்ள உட்கார்ந்து பேசலாம்.”

வணிகர் கண்கள் விரிந்தன. “அடேங்கப்பா! என்னைத் துரத்தின சட்டத்தையே சாவியாக்கிட்டியே! ஆனா பாரு, மறுபடி பேச்செடுத்தா குடுத்ததையும் பிடுங்கிடுவாங்க.”

அவள் கணவனைப் பார்த்தாள். அவன் கைக்கரியைத் துணியில் நெடுநேரம் துடைத்தான்.

“போ. நாளைக்கு ரெட்டைச்சுழி மூஞ்சியில நான் முழிக்க வேணாமா?”

அவள் உள்ளே சென்று அமர்ந்ததும், அவைத்தலைவராகிய தூதர் எழுதுகோலை நீட்டினார். “கையொப்பத்திற்கே தங்களை அழைத்தோம்.”

“குடியுரிமைப் பிரிவு இப்போது என் வீட்டைத் தொடவில்லை. ஆதலால் வந்து சேர்ந்த அனைவருக்காகவும் பேச வந்துள்ளேன்.”

“பிரிவை மீண்டும் திறந்தால், தங்கள் குடும்பத்திற்குப் பயன்படும் வரியும் நிலைக்காது.”

“அறிவேன். அவ்வரியைத் தாங்கள் அடித்து நீக்கும் நொடிவரை பேச எனக்கு உரிமையுண்டு.”

“அதன்பின் நான் பேசுவேன்” என்று தம் இருக்கையை அவளருகே இழுத்துப் போட்டார் வணிகர்.

தூதரின் எழுதுகோல் அவ்வரியின்மேல் தாழ்ந்து, தயங்கி, மீண்டும் உயர்ந்தது. அடித்தால், அது எதற்காக எழுதப்பட்டது என்பது வெளிப்பட்டுவிடுமே! அவள் பேசத் தொடங்கினாள். வெயில் சாய்ந்தும் நிறுத்தவில்லை. அன்று எவரும் கையொப்பமிடவில்லை. வந்து சேர்ந்தோரின் உரிமை அன்று எழுதப்படவில்லை, மறுக்கப்படவும் இல்லை. ஒரு கொடி இறங்கி மற்றொன்று ஏறுவது ஒரு காலைப்பொழுதின் வேலை. இவர் நம்மவர் என்று ஒருவரையொருவர் ஏற்பதோ, தன் வீடு தப்பியது என்று தெரிந்தபின்னும் அமைதி கொள்ளாத சில நெஞ்சங்களின் ஓயாத வேலை.