காக்கை தொடாத சோறு

சுந்தரவல்லி பஸ்ஸில் ஏறினால் பிள்ளைகள் திரும்பிப் பார்க்கும். அப்படியொன்றும் ஊரே திரும்பிப் பார்க்கும் அழகி இல்லை அவள். அவள்மேல் அன்னாசி வாசனை அடிக்கும். பழத்தின் வாசனை கூட இல்லை, கிரீம் பிஸ்கட்டில் வருமே, அந்த வாசனை. “ஆன்ட்டி, பையில பிஸ்கட் இருக்கா?” என்று ஒரு வாண்டு கேட்டே விட்டது. பக்கத்து சீட்டுப் பெண்கள் ஒரு ஸ்டாப்பிங் வரை ரசிப்பார்கள், அப்புறம் தலையைப் பிடித்துக்கொண்டு வேறு சீட்டு தேடிப் போவார்கள். அவளுக்கு மட்டும் ஒன்றும் தெரியாது. மூக்கு பழகிப் போயிருந்தது.

தாம்பரத்துக்குக் கிழக்கே ஒரு தனியார் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு வேலை. ஐஸ்கிரீமில் போடுவதற்கென்று வந்த ஒரு புது அன்னாசி எசன்ஸை எலித் தீனியில் கலந்து, இரண்டு வருஷம் தின்றால் எலிக்கு என்ன ஆகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாம் ஒரு கரண்டி ஐஸ்கிரீம் தின்பதற்கு எலி ஆயுள் முழுக்கத் தின்று காட்ட வேண்டும், நியாயம் அப்படி! பாதி எலிகளுக்கு எசன்ஸ் தீனி, பாதிக்கு வெறும் தீனி. இரண்டையும் ஒப்பிட்டால்தான் எது எசன்ஸ் செய்த வேலை, எது வயசு செய்த வேலை என்று தெரியும். தீனி கலக்குவது சுந்தரவல்லி. மாவில் கட்டி இருந்தால் கையுறைக்குத் தெரியாது என்று வெறுங்கையால் உதிர்த்துப் பிசைவாள். எத்தனை சோப்புப் போட்டாலும் அது கையைவிட்டுப் போகாது. மேலதிகாரி லக்ஷ்மிநாராயணன் பார்த்தால் திட்ட வேண்டியிருக்கும், அதனால் அவர் பார்க்கமாட்டார்.

எலிக்கு ஞாயிற்றுக்கிழமை ஏது? வேலை தொடங்கிச் சில மாதங்களில், ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் எலிகளை எடை போட்டுக்கொண்டிருந்தபோது, கீழ்க்கட்டளை வீட்டில் காய்ச்சலோடு படுத்திருந்த அவள் கணவர் ராஜகோபால் பக்கத்தில் ஒருவரும் இல்லாமல் இறந்துபோனார். காலையில், “இன்னிக்கு ஒருநாள் போகாம இரேன்” என்று கேட்டிருந்தார். “மத்தியானம் வந்துடறேங்க” என்று சொல்லிவிட்டுப் போனவள் சாயங்காலம்தான் வந்தாள். குழந்தைகள் இல்லை. வீட்டில் அவர் கேட்ட அந்த ஒரு வாக்கியம்தான் மிச்சம் இருந்தது.

அமாவாசை தோறும் படையல் போட்டு, பருப்பும் நெய்யும் விட்டுப் பிசைந்த சோற்றை மொட்டைமாடிச் சுவரில் வைப்பாள். காக்கை வந்து எடுத்தால் போனவர் சாப்பிட்டதாக அர்த்தம். அப்புறம்தான் வீட்டார் வாயில் சோறு. காக்கை வரும். ஒரு பருக்கையைக் கொத்தும். உடனே கீழே போட்டுவிட்டு, மூக்கை இப்படியும் அப்படியும் சுவரில் தேய்த்துவிட்டுப் பறந்துவிடும். முதல் தடவை, காக்கைக்குப் பசியில்லை என்று நினைத்துக்கொண்டாள். அடுத்த அமாவாசையும் அப்படியே. அடுத்ததும்.

மாடம்பாக்கத்திலிருந்து படையலுக்கு வரும் நாத்தனார் செல்லியம்மாளுக்கு இது போதாதா?

“எந்தம்பிக்கு மனசுல இன்னாவோ கீதுடி. அதான் உன் கையால துன்ன மாட்டேங்கிறான். புருசன் பூட்டப்புறம் இன்னாடி இவ்ளோ சென்ட்டு?”

“சென்ட் இல்ல அண்ணி. வேலை செய்யற எடத்து வாசனை.”

“இன்னா எழவோ! அடுத்த அமாவாசைக்கும் அவன் எடுக்கலன்னா, இனிமே எங்க வூட்லயே நான் வெச்சுக்கறேன். நீ வெக்காத.”

 கணவருக்கென்று சுந்தரவல்லியால் செய்ய முடிந்தது அந்த ஒரு கவளம்தான். நாத்தனார் போனதும் சுவரோரம் நின்று பேசினாள். மாதா மாதம் பேசுவதுதான். “ஏங்க, என்மேல அவ்ளோ கோவமா? எடை போடலன்னா வேலை போயிடும்னு உங்களுக்கே தெரியும்ல? ஒரு வாயாவது சாப்பிடக் கூடாதா?” இருட்டும்வரை சண்டை நடக்கும்.  

அந்த மாதம் கூடத்துக்குப் புதிதாக இளம் எலிகள் வந்தன. எசன்ஸ் தீனியை வைத்துவிட்டு சுந்தரவல்லி கூண்டருகே நின்றாள். ஒரு எலி ஓடிவந்து கடித்தது. துப்பியது. வாயை ஒருபக்கமும் மறுபக்கமும் கம்பியில் தேய்த்தது. பக்கத்துக் கூண்டிலும் அதே கதை. அந்த எசன்ஸ் மூக்குக்குத்தான் இனிப்பு. சர்க்கரை சேராமல் அப்படியே நாக்கில் பட்டால் வேப்பங்காய். பழைய எலிகள் பழகிவிட்டன, அவற்றைப் போல அவளும் பழகிவிட்டாள்.

அவள் அந்த எலியையே பார்த்துக்கொண்டு நின்றாள். காக்கையின் அதே தேய்ப்பு. அப்புறம், சோறு பிசையும் தன் விரல்களை நாக்கில் வைத்துப் பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை.

அமாவாசை அன்று வாழையிலைத் துண்டுகள் இரண்டு எடுத்தாள். ஒன்றில் கையால் பிசைந்த சோறு. இன்னொன்றில் அதே பானைச் சோறு, அதே பருப்பு, அதே நெய், கரண்டியால் கலந்து கரண்டியாலேயே வைத்தது. கூடத்தில் படித்த பாடத்தை விடுவாளா?

“இன்னாத்துக்குடி ரெண்டு?” என்றாள் செல்லியம்மாள்.

“இருக்கட்டும் அண்ணி.”

காக்கை வந்தது. கையால் பிசைந்ததைக் கொத்தித் துப்பி, மூக்கைத் தேய்த்தது. தத்திப் போய்க் கரண்டிச் சோற்றைக் கொத்தியது. தலையை நிமிர்த்தி விழுங்கியது. மறுபடி கொத்தியது. பிறகு கரைந்து கூட்டத்தையே கூப்பிட்டது. சுந்தரவல்லி இலைகளை இடம் மாற்றி, புதுச்சோறு வைத்தாள். அப்போதும் கரண்டிச் சோறுதான் காலியானது.

“வந்துட்டான்டி! எந்தம்பி வந்து துன்னுட்டான்!” செல்லியம்மாள் அவளைக் கட்டிப்பிடித்து அழுதாள். “உம்மேல அவனுக்கு ஒரு கோவமும் இல்லடி. நீயே வெய்யி, எப்பவும் நீயே வெய்யி.” நாத்தனார் அவளைத் தொட்டு எத்தனையோ காலம் ஆகியிருந்தது. இருவரும் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். செல்லியம்மாள் இரண்டாந்தரம் பாயசம் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு, சிரித்த முகமாகப் பஸ் ஏறினாள்.

கவலை விட்டது என்று சுந்தரவல்லி படுத்துத் தூங்கியிருக்கலாம். ஆனால் கால் தானாக மாடிக்குப் போனது. சுவரில், அவள் கையால் பிசைந்த சோறு அப்படியே காய்ந்துகொண்டிருந்தது. வழக்கம்போல, “ஏங்க” என்று ஆரம்பித்தாள்.

அதற்குமேல் வரவில்லை. கோபித்துக்கொள்ளவாவது அவர் மாதம் ஒருமுறை இந்தச் சுவருக்கு வந்துகொண்டிருந்தார். இன்று வந்தது காக்கை. இதற்கு முன்னால் வந்ததும் காக்கைதான். கசந்தது, துப்பியது, அவ்வளவுதான். யாரிடம் போய் இனிமேல் சண்டை போடுவது? அவர் இறந்த அன்றுகூட அவள் இப்படி அழவில்லை.