மேற்கே சாய்ந்த இரண்டு குறுக்கம்

பரளச்சியில் முத்துத்தாய்க்குத் தலை சுற்றினால் அவளுடைய இரண்டு குறுக்கம் கரிசல் நிலம் மேற்கே ஒரு முழம் சாயும். புரட்டாசி முதல் வாரம் அப்படிச் சாய்ந்ததில், விதைத்த குதிரைவாலி அத்தனையும் பக்கத்து நிலத்துக்காரன் ஆண்டிச்சாமியின் புஞ்சைக்கு உருண்டு போனது. அன்றைக்கு எம்.ரெட்டியபட்டிப் பாதையில் ஒரு ஷேர் ஆட்டோ கவிழ்ந்திருந்ததால் ஊர் அதைப் பற்றித்தான் பேசியது. இரண்டாவது விதைப்பும் அதே வழியில் போனது. "தானா வந்த வெதைய நான் பெறக்கியா குடுக்க முடியும், அண்ணே?" என்று ஆண்டிச்சாமி அவள் புருஷன் ஜெயபாண்டியிடம் கேட்டதிலும் நியாயம் இருந்தது. வீட்டில் இன்னும் ஒரு விதைப்புக்குத்தான் விதை மிச்சம்.

எலுமிச்சம்பழம், இஞ்சிச் சாறு, திருநீறு எல்லாம் பார்த்தாயிற்று. அருப்புக்கோட்டை டாக்டர், காதில் கோளாறாக இருக்கலாம் என்று மதுரைக்குப் பரிசோதனைக்கு அனுப்பினார். இரண்டு நாளைக்கு முன்பே தலைச்சுற்றல் மாத்திரையை நிறுத்தச் சொல்லிச் சீட்டில் எழுதியிருந்தது. ஆனால் பஸ் ஏறுமுன் அவள் குமட்டியதைப் பார்க்கச் சகிக்காமல் ஜெயபாண்டி ஒரு மாத்திரையை வாயில் போட்டுவிட்டான். பாசத்தில் செய்த தப்பு. மதுரையில் பரிசோதனை செய்யும் ரேணுகாதேவி, முத்துத்தாயைக் கட்டிலில் படுக்கவைத்து, கேமரா வைத்த கறுப்புக் கண்ணாடியை மாட்டி, தலையைத் தொங்கவிட்டு இரு பக்கமும் திருப்பினாள். தலை சுற்றும்போது ஓட வேண்டிய கண்கள், மாத்திரையில் அடங்கி அசையவே இல்லை. "ஒங்களுக்கு ஒண்ணும் இல்லம்மா, மனசத் தைரியமா வச்சுக்கங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். திரும்பும் வழியில் ஜெயபாண்டியே அவளைச் சந்தேகமாகப் பார்த்தான். அதுதான் அவளை அறுத்தது.

"மாத்திர இல்லாம இன்னொரு தரம் கூட்டிட்டுப் போங்க. செத்தாலும் அந்தக் கட்டில்லயே சாகுறேன்" என்றாள்.

மாத்திரையை நிறுத்திய இரண்டு நாளில் நிலம் ஏழு முறை சாய்ந்தது. அழுதால் தலை குலுங்கும் என்று அவள் அழக்கூட இல்லை. பஸ்ஸில் பயணிகள் ஒரே பக்கமாகச் சரிய, கண்டக்டர் கம்பியைப் பிடித்துக்கொண்டு டிக்கெட் கிழித்தார். குளிர்ந்த தண்ணீர் பட்டால் நல்ல காது கண்ணை ஓட வைக்கும் என்றார்கள். மதுரையில் வலது காதில் விட்டபோது ஒன்றும் நடக்கவில்லை. இடது காதில் விட்டதும் கண்கள் ஓடின; அறை சாய்ந்து, நாற்காலிகளும் மின்விசிறியும் மேற்குச் சுவரில் போய் நின்றன. ரேணுகாதேவி ஒரு கையால் கட்டில் காலைப் பிடித்தபடி மறுகையால் எழுதினாள்: வலது காதில் சமநிலை அறவே இல்லை.

"நான் பொய் சொல்லலன்னு எழுதிட்டாகல்ல?" என்று கேட்டுவிட்டு முத்துத்தாய் அப்போதுதான் அழுதாள்.

போன காது திரும்பாது, தினமும் தலையை இடமும் வலமும் திருப்பிப் பழகினால் மற்றக் காது பாரத்தை ஏற்றுக்கொள்ளும், முதலில் சுற்றல் கூடும் என்றார்கள். கடைசி விதை மண்ணுக்குள் போனது. வேர் பிடிக்கும்வரை ஒன்பது நாள் முத்துத்தாய் இரண்டு பருத்திப் பொதிகளுக்கு நடுவே தலையை வைத்து அசையாமல் கிடந்தாள். ஜெயபாண்டி கஞ்சியைக் கரண்டியால் ஊட்டினான். இருமல் வந்தால் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

பத்தாம் நாள் பயிற்சியைத் தொடங்கினாள். காலையில் இருபது தடவை நிலம் கிழக்கும் மேற்கும் சாய்கிறது. பயிர் மண்ணைப் பிடித்துக்கொண்டு கூடவே சாய்ந்து நிமிர்கிறது. ஆண்டிச்சாமி மாடுகளோடு வரப்பில் நின்று, "மதினி தலையத் திருப்பி முடிச்சுட்டாகளா?" என்று கேட்டுக்கொண்டுதான் தன் புஞ்சைக்குள் இறங்குகிறான்.